யாருக்கு முடிந்தது ஆயுள்?

காமர்ஸ் படித்தவர்களுக்குச் சாவைப் பற்றி ஒரு தனி ஞானம் உண்டு. அதற்குப் பெயர் தேய்மானம். ஒரு மேஜை, வாங்கிய நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்றும், எந்த வருஷம் எத்தனை சதவீதம் செத்தது என்று பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் பத்தொன்பது வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மனுஷனுக்கு இந்தக் கணக்கு போட்டால் கல்யாணத்துக்கு முன்பே பாதி கழிந்துவிடும்.

கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாவது அட்டவணையைப் புரட்டுங்கள். லேப்டாப்புக்கு ஆயுள் மூன்று வருஷம், சர்வருக்கு ஆறு வருஷம் என்று போட்டிருக்கும். வருமான வரிக்கு வேறு கணக்கு. கம்ப்யூட்டர் என்றால் மிச்சமிருக்கும் மதிப்பில் வருஷா வருஷம் 40 சதவீதம் கழிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மிச்சத்தில் 40, அந்த மிச்சத்தில் 40 என்று கழித்துக்கொண்டே போனால் எத்தனை தலைமுறை ஆனாலும் பூஜ்யம் வராது. 50,000 ரூபாய் லேப்டாப் பத்து வருஷம் கழித்தும் சுமார் 300 ரூபாய்க்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் காகிதச் சாவு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று வருஷம் முடிந்ததும் ஆடிட்டர் வந்து உங்கள் லேப்டாப் மூடியில் ஆணி அடிக்கப் போவதில்லை.

2025 அக்டோபர் 14 அன்று வந்தது வேறு ரகம்.

அன்றைக்குத்தான் விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். 2015 ஜூலையில் வெளியானது, பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருக்கிறது. நியாயமாகச் சொன்னால் குறைந்த காலமில்லை. (அது வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்னால் நடந்த ஒரு மாநாட்டில் அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவர், விண்டோஸில் இதுதான் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவைத்தார். கடைசி என்ற வார்த்தையை எப்போதுமே யோசித்துச் சொல்ல வேண்டும்.)

'ஆதரவு நிறுத்தம்' என்றால் என்ன? மறுநாள் காலை அந்த லேப்டாப்பைத் திறந்தால் வழக்கம்போலத் திறக்கும். பாட்டு பாடும். கடிதம் அடிக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால், இனி அதற்குள் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. அவ்வளவுதானே என்று தோன்றும். இதில் ஒரு உள்விவகாரம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே பொதுவான பாகங்கள் நிறைய. 11-ல் ஓர் ஓட்டையை அடைத்துப் புதிய கோப்பு வெளியிடுகிறார்கள் என்று வையுங்கள். பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று துருவிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புது வீட்டில் எந்தப் பூட்டை மாற்றினார்கள் என்று தெரிந்தால், பழைய வீட்டில் எந்தப் பூட்டை ஆட்டிப் பார்க்கலாம் என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் பழைய வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும்.

சரி, 11-க்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அதற்கு டிபிஎம் 2.0 என்கிற, ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் சில்லு என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு போக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். 2017-க்கு முன்னால் வந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. கனாலிஸ் என்கிற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் ஒரு மதிப்பீடு போட்டது. இப்படி மாற முடியாமல் குப்பைக்குப் போகக்கூடிய கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க 24 கோடி. இந்தியாவில் எந்த வீட்டில் லேப்டாப்பை உடனே குப்பையில் போடுகிறார்கள்? பரண் இருக்கிறதே. ஆனாலும் எண்ணிக்கை கொஞ்சம் பயமுறுத்துகிறது.

2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பும் அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது உங்கள் செட்டிங்குகளை அவர்கள் கிடங்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் உள்ளவர்களுக்கு அந்தச் சேமிப்பு நிபந்தனையும் கிடையாது. நுகர்வோர் அமைப்புகள் அங்கே சத்தம் போட்டன, அதனால். நாம் வழக்கம்போலச் சத்தம் போடவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பணத்தில் வாங்கிய, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளுக்கு இறப்புச் சான்றிதழ் எழுதும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

தத்துவம் போலத் தெரிந்தாலும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இது ஒரு குடும்பத்தின் பிரச்னையாக வந்து நின்றது. மாடி வீட்டு நண்பர் புது லேப்டாப் வாங்கினார். பழையதை, 2016-ல் வாங்கியது, ஆறாம் தலைமுறை இன்டெல், 4 ஜிபி ராம், எங்கள் செக்யூரிட்டி அண்ணனின் மகளுக்குக் கொடுத்துவிட்டார். பெண் முதல் வருஷம் பி.காம். செக்யூரிட்டி அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நண்பருக்கும் ஒரு நிறைவு. நல்ல காரியம்தான், நானும் பாராட்டினேன். பேச்சுவாக்கில், "எதுக்கு சார் புதுசு? நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?" என்றேன்.

"ஓடுது சார். ஆனா இனிமே சேஃப் இல்லைனு சொல்லிட்டாங்களே. நான் நெட் பேங்கிங் எல்லாம் பண்றேன். ரிஸ்க் எதுக்கு?"

நண்பர் வில்லன் இல்லை. நல்ல மனிதர். தீபாவளிக்குக் குடியிருப்பு ஊழியர்களுக்குக் கவர் கொடுக்கும்போது முதல் ஆளாக நிற்பவர். ஆனால் அவர் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். தன் பேங்க் கணக்குக்கு ஆபத்து என்று ஒதுக்கிய பொருளை, ஸ்காலர்ஷிப் பணம் வந்து விழும் ஒரே ஒரு கணக்கு வைத்திருக்கிற பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு ஐம்பதாயிரம் போனால் பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்ப்பார், சைபர் கிரைமில் புகார் எழுதுவார், நாலு பேருக்கு போன் போடுவார். அவளுக்கு ஐயாயிரம் போனால் ஒரு செமஸ்டர் ஃபீஸ் போச்சு.

பழைய துணி கொடுக்கும்போது கிழிசலைத் தைத்துக் கொடுங்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தைத்துக் கொடுக்க முடியாவிட்டால் கிழிந்திருக்கிறது என்றாவது சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். துணியில் கிழிசல் கண்ணுக்குத் தெரியும். இதில் தெரியாது. தானத்தில் இது புதிய பிரச்னை. கொடுப்பவருக்கு மட்டுமே தெரிந்த கிழிசல்.

நண்பரிடம் இதை நான் சொல்லவில்லை. என் அக்கா மகனைக் கூப்பிட்டேன்.

அவன் ஐ.டி.யில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்டிரைவோடு வந்தான். அதில் லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளம். இயங்குதளம் என்றால், தெரியாதவர்களுக்காக: கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கல்யாண மண்டப மேனேஜர். சமையல்காரர், மேளக்காரர், பந்தல்காரர் எல்லோரும் இவரைத்தான் கேட்க வேண்டும். எந்த அறை யாருக்கு, கரண்ட் எவ்வளவு, சாவி எங்கே என்பதெல்லாம் இவர் பொறுப்பு. விண்டோஸ் ஒரு மேனேஜர். லினக்ஸ் இன்னொரு மேனேஜர். மண்டபம் அதேதான்.

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்யும்போதே ஒரு பட்டனை அழுத்தினான். அப்படியே புது முகத்தோடு திறந்துகொண்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, உருவிக்கொண்டு போகலாம். எந்தக் கடைக்காரரும் இவ்வளவு தாராளமாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் தடங்கல் வைஃபை. வேலை செய்யவில்லை. அந்த வைஃபை சில்லைச் செய்த கம்பெனி, அதை இயக்கும் நிரலைத் திறந்துவிடவில்லை. அதனால் தனியாக இறக்கிப் போட வேண்டும். இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் கதை. மருமகன் அசரவில்லை. செல்போனை சார்ஜர் வயரால் லேப்டாப்போடு இணைத்து, போனின் இன்டர்நெட்டை அதற்குள் பாய்ச்சி, தேவையானதை இறக்கினான். கால் மணி நேரம். தமிழ் 99 விசைப்பலகையைப் போட்டான், மெனுக்களைத் தமிழில் மாற்றிக் காட்டினான். பெண் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, இதுல டேலி ஓடுமா?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். தமிழ்நாட்டில் பி.காம் படித்து ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். அது விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸில் நேரடியாக ஓடாது. குட்டிக்கரணம் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்குச் சொல்லும் வழி இல்லை அது.

இங்கே எனக்குத் திருமூலர் ஞாபகம் வந்தார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரநாதர் என்கிற யோகி வடக்கிலிருந்து வருகிறார். காவிரிக்கரையில் மூலன் என்கிற இடையன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றி நின்று அழுகின்றன. மாடுகளின் துயரம் பொறுக்காமல், தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு யோகி மூலன் உடம்புக்குள் புகுந்து எழுகிறார். மாடுகளுக்கு ஒரே சந்தோஷம். பிறகு அந்த உடம்பிலிருந்தே மூவாயிரம் பாட்டு பிறந்தது என்பது வரலாறு.

நாம் பாதியில் விட்டுவிடும் ஒரு ஆள் அந்தக் கதையில் இருக்கிறாள். மூலனின் மனைவி. சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லையே என்று தேடி வருகிறாள். அதே முகம், அதே கை கால். "எனக்கும் உனக்கும் உறவில்லை" என்று சொல்லிவிடுகிறார் யோகி. ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, இவர் பெரிய ஞானநிலையில் இருக்கிறார், நீ விலகிப்போ அம்மா என்று அவளைத் தேற்றி அனுப்புகிறார்கள். உள்ளே வந்திருப்பது முன்பிருந்ததைவிட எவ்வளவோ உயர்ந்த உயிர்தான். இருக்கட்டும். அவளுக்கு வேண்டியது மூலன்.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடச் சொல்லி உபதேசிக்கிற நண்பர்கள் (நல்லவர்கள், ஆனால் ரயிலில் பக்கத்து சீட்டில் கிடைத்தால் செங்கல்பட்டு வருவதற்குள் உங்கள் லேப்டாப்பைத் திறக்க வைத்துவிடுவார்கள்) இந்த மனைவியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 'சுதந்திரம்' என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெண் சுதந்திரத்தைக் கேட்டு வரவில்லை. டேலி கேட்டு வந்தாள். அவளிடம் போய், நீ கேட்பது தப்பு, உயர்ந்ததைக் கேள் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

அதற்காக அந்த நண்பர்கள் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. அவர்கள் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை என் பாணியில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியது. கம்பெனி கை கழுவிவிட்டது. ஆனால் அதோடு அம்பாசடர் செத்ததா? பானெட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருந்தார். உதிரிபாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து மாட்டினார். கியர் போட்ட பழைய பஜாஜ் ஸ்கூட்டர்களும் இப்படித்தான், கம்பெனி மறந்த பிறகும் பல வருஷம் ஓடின. தயாரித்தவர் காலாகாலத்துக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது அநியாயமான எதிர்பார்ப்பும்கூட. ஒரு வியாபாரி எத்தனை நாளைக்குத்தான் பழைய சரக்குக்குக் காவல் நிற்பார்? பத்து வருஷம் கழித்து மைக்ரோசாஃப்ட் விலகிக்கொண்டதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அம்பாசடர் கம்பெனி விலகும்போது பானெட்டைப் பற்ற வைத்துவிட்டுப் போகவில்லை. மென்பொருளில் பானெட் முதல் நாளிலிருந்தே பற்ற வைத்துத்தான் வருகிறது. அதன் மூல நிரல், அதாவது புரோகிராமர்கள் எழுதிய அசல் வடிவம், நமக்குத் தரப்படுவதில்லை. ஆடிட்டரிடம் பேலன்ஸ் ஷீட்டை மட்டும் நீட்டிவிட்டு வவுச்சர்களைப் பூட்டி வைத்துக்கொள்வது மாதிரி. தப்பு இருக்கிறது என்று தெரிந்தாலும் எங்கே என்று யாராலும் திருத்த முடியாது. தான் பார்க்கமாட்டேன் என்பது ஒருவரின் உரிமை. வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பதும் உரிமையா? என் கணக்கில் இந்த இரண்டாவது பற்றுச்சீட்டு செல்லாது. ஒரு பொருளை விற்ற பிறகும் அதன் சாவைத் தன் கையில் வைத்திருப்பவர், அதை முழுதாக விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறார், விற்பனை விலை வாங்கிக்கொண்டு.

இந்தக் கோபம் பழசு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரின்டர் அடிக்கடி காகிதத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி நிரலைத் திருத்திவிடலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். முந்தைய பிரின்டருக்கு அப்படித்தான் செய்திருந்தார்கள். இதற்கு மூல நிரல் கேட்டுப் போனால், ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தர முடியாது என்று பதில் வந்தது. காகிதம் சிக்குவது உலகத்திலேயே மிக அற்பமான பிரச்னை. அதிலிருந்து ஒரு மனிதர், திருத்த விடாத மென்பொருளே அறமற்றது என்ற முடிவுக்குப் போய், 1983 செப்டம்பரில் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். எட்டு வருஷம் கழித்து, 1991 ஆகஸ்ட் 25-ம் தேதி, ஹெல்சிங்கியில் 21 வயசு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், சும்மா பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், பெரிதாகவெல்லாம் வராது என்று இணையக் குழு ஒன்றில் தகவல் போட்டார். 1992-ல் அதை ஸ்டால்மனின் உரிமத்தின் கீழ் விட்டார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம். கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் முக்கியம்.

இதோடு நிறுத்தினால் நல்லவன் கெட்டவன் சினிமாவாகிவிடும். லினக்ஸ்காரர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. டோர்வால்ட்ஸ் அந்த முதல் லினக்ஸை எழுதியது 386 என்கிற இன்டெல் சில்லு வைத்த கம்ப்யூட்டரில். லினக்ஸ் பிறந்த தொட்டில் அது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பிலிருந்து 386-க்கு ஆதரவை எடுத்துவிட்டார்கள். டோர்வால்ட்ஸ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, தொல்லை விட்டது என்கிற தொனியில் வழியனுப்பினார். டெபியன் என்கிற மூத்த லினக்ஸ் குடும்பம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-வது பதிப்பில், பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. ஆக, அவர்களும்தான் கை கழுவுகிறார்கள்.

அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பழைய லினக்ஸின் மூல நிரல் முழுசாக அங்கேயே கிடக்கிறது. யாருக்காவது 386 மேல் காதல் இருந்தால் எடுத்து வளர்க்கலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் 'யாரும் பார்க்கலாம்' என்பதும் 'யாராவது பார்ப்பார்கள்' என்பதும் ஒன்றில்லை. பூட்டைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிடுமா? யாரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து ஓட்டையை அடைக்க வேண்டியிருக்கிறது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அலுப்பு இருக்கிறது. சுதந்திரம் பராமரிப்பை அனுமதிக்கும். தானாகச் செய்யாது. இதை ஸ்டால்மன் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டிவைத்தால் அந்த ஒருத்தர் வரவும் வழியில்லை என்பதை மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு உதாரணம் பரணில் தூங்குகிறது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த சில வருஷங்களில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டராக அதுதான் போய்ச் சேர்ந்தது. அதில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. நல்ல யோசனை. ஆனால் எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் அந்த இரண்டாவதைத் திறந்து பார்த்தவர் இல்லை. வாத்தியாருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடைக்காரருக்குத் தெரியாது. சாவியைக் கையில் கொடுத்தார்கள், எந்தக் கதவுக்கு என்று சொல்லவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்றைக்கும் மதர்போர்டைச் சூடுபடுத்தி உயிர் கொடுக்கிற கில்லாடிகள் இருக்கிறார்கள். இரும்பைப் பராமரிக்க ஒரு தெருவே இருக்கிறது. உள்ளே இருக்கும் மேனேஜரைப் பராமரிக்கத்தான் தெரு இல்லை.

சரி, டேலிக்கு வருகிறேன்.

மருமகன் ஒரு வழி சொன்னான். "மாமா, ரெண்டையும் வெச்சிரலாம். விண்டோஸை அழிக்க வேண்டாம். ஆனா அதோட நெட்டை மொத்தமா கட் பண்ணிடலாம். டேலி மட்டும் அதுல. பேங்க், மெயில், யூடியூப் எல்லாம் லினக்ஸ்ல." வெளியுலகத்தோடு சம்பந்தமே இல்லாத வீட்டுக்குத் திருடன் வருவது கஷ்டம். அடைக்காத ஓட்டைகள் இருந்தாலும் வழி இல்லை. டேலியை மாணவர்களுக்கான இலவச முறையில் ஓட்ட இன்டர்நெட் தேவையில்லை. (அந்த முறையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். வியாபாரம் எல்லாம் மாசத்தில் மூன்று நாள்தான் நடக்கிறது என்று நம்பி ஒரு தலைமுறையே கணக்குப் படித்திருக்கிறது.)

ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பங்கு பிரித்தான். விண்டோஸ் பக்கம் வைஃபை கார்டை முடக்கினான். ஆன் செய்தால் பத்து விநாடி ஒரு பட்டியல் வரும், எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் லினக்ஸ்.

மூலனின் மனைவிக்கு இப்படி ஒரு ஏற்பாடு கிடைத்திருந்தால், அதாவது பகலில் திருமூலர், சாயங்காலம் மூலன், அவள் ஒப்புக்கொண்டிருப்பாளா என்று யோசித்தேன். ஒப்புக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். சம்சாரிகள் தத்துவவாதிகளைவிட வளைந்து கொடுப்பவர்கள். கொள்கைப்படி இது அரைகுறை. ஸ்டால்மன் பார்த்தால் தாடியைப் பிய்த்துக்கொள்வார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது: எங்கே ஆபத்து, எங்கே ஆபத்தில்லை. கிழிசல் தைக்கப்பட்டது பாதி, காட்டப்பட்டது மீதி.

மாடி வீட்டு நண்பருக்கும் விஷயத்தைச் சொன்னேன், குத்திக்காட்டாமல். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அப்படி யோசிக்கல சார்" என்றார். சாயங்காலம் ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மருமகனுக்கு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறும் காலி. ஆனால் முன்பு பாட்டி கோலம் போட்டு முடிக்கிற நேரம் எடுத்த லேப்டாப், இப்போது காபி ஆறுவதற்குள் தயாராகிவிடுகிறது.

கிளம்பும்போது மருமகன், எப்படி அப்டேட் செய்வது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தான். இந்தப் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்பதையும் கீழே எழுதி வட்டம் போட்டான்.

செக்யூரிட்டி அண்ணன் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதுக்கப்புறம் என்ன சார் பண்றது?"

"அதுக்கப்புறம் புதுசு வந்திருக்கும்ணே. அதைப் போட்டுக்கலாம்."

"யார் போடுவா?"

"பார்த்துக்கலாம்ணே" என்றேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. பெண் மட்டும் மருமகனிடம் அந்தப் பென்டிரைவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.